தொலைவில் மருத்துவர், அருகில் செவிலியர்

நோய்க்கு நாளும் இல்லை, நாழிகையும் இல்லை. நள்ளிரவிலும் வரும், ஞாயிற்றுக்கிழமையிலும் வரும், மருத்துவர் ஊரில் இல்லாத வேளை பார்த்தும் வரும். பிணியுற்றார்க்கும் பிணி தீர்ப்பார்க்கும் இடையே கிடக்கும் தொலைவு, சில வேளைகளில் அப்பிணியினும் கொடிதாய் முடிகின்றது. இத்தொலைவைக் குறைத்தற்கு மாந்தர் கட்டை வண்டி முதல் மோட்டார் வண்டி வரை பலவற்றைக் கையாண்டு வந்தனர். இன்றோ மருத்துவர் வந்து சேருமுன்னரே அவர்தம் கண்ணும் காதும் சொல்லும் வந்து சேரும் வழி பிறந்துள்ளது. தொலைமருத்துவம் என்பது அதன் பெயர். அதனைப் பற்றி அரசினர் பேசுகின்றனர், கருவி விற்போர் பேசுகின்றனர், செய்தித்தாள்கள் பேசுகின்றன. அதனைக் கையில் ஏந்திப் பிணியாளர் அருகே நிற்க வேண்டிய செவிலியரும் உதவியாளரும் அதனைப் பற்றி யாது எண்ணுகின்றனர் என்று கேட்பார் மட்டும் அரியராய் உளர். அவர்தம் கருத்தைக் கேட்டு, எமக்கு நேரிதென்று பட்டதை ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

நம் கல்லூரிச் சமூகத் தொண்டுக் கழகத்தார் சென்ற விடுமுறையில் காக்களூர்ப் பகுதியிற் சில நாட்கள் தங்கிப் பணியாற்றினர். யாமும் உடன் சென்றோம். காக்களூர் திருவள்ளூரை ஒட்டிய ஊர். ஒருபால் பெரிய ஏரி. மற்றொருபால் சிட்கோ தொழிற்பேட்டை. ஏரிக்கரையில் நின்றால் நாரைகளைக் காணலாம். சிறிது தூரம் நடந்தால் ஆலைகளின் ஓசையைக் கேட்கலாம். பழைய குடியினரோடு, வேலை நாடி வடநாட்டினின்றும் வந்த இளைஞர் பலரும் அங்கு வாழ்கின்றனர். அண்மையிலுள்ள திருவள்ளூரில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளை மக்கள் வைத்திய வீரராகவர் என்றே அழைக்கின்றனர். நோய் நீங்க வேண்டி அமாவாசைதோறும் அங்கே திரள்வோர் தொகை பெரிது. அவ்வூரில் 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஒன்றும் திறக்கப்பெற்றது. ஆகவே, "மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கத் தொலைமருத்துவம் இங்கு எதற்கு?" என்று வினவுவார் உளர். யாமும் முதலில் அவ்வாறே வினவினோம்.

விடை அவ்வூரிலேயே கிடைத்தது. அங்குள்ளோர்க்கு நேரும் இடர் இருவகைப்படும். ஒன்று, ஆலையில் திடீரென நேர்வது: யந்திரத்தில் விரல் சிக்குதல், தீப்புண், மின்தாக்கு, நெஞ்சுவலி. மற்றொன்று, வீட்டில் மெல்ல மெல்ல அரிப்பது: பக்கவாதத்தாற் படுக்கையில் விழுந்த முதியோர், ஆறாத புண்ணுடைய நீரிழிவினர், நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் புற்றுநோயாளர். முன்னதில் தொலைவு என்பது நிமிடக் கணக்கு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலைகளுக்கே மருத்துவ அறை வேண்டும் என விதித்தது. ஏனையவற்றிற்கு நூற்றைம்பது பேர்க்கு ஒன்றாக முதலுதவிப் பெட்டி போதும் என்றது. தொழிற்பேட்டை என்பதோ சிற்றாலைகளின் தொகுதி. அங்கே விபத்து நேர்ந்த அந்நொடியில் இருப்பது ஒரு பெட்டியும், அதனைத் திறக்கத் தெரிந்த ஒருவருமே. பின்னதில் தொலைவு என்பது படிக்கட்டுக் கணக்கு. மாடிப்படியில் இறங்க இயலாத மூதாட்டிக்கு இரண்டு கல் தொலைவிலுள்ள மருத்துவமனையும் இமயமலைக்கு அப்பால் உள்ளதே ஆகும்.

மருத்துவத்தில் தொலைவு புகுந்தது இன்று நேற்றன்று. 1816-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு லெனெக் என்பார் இதயத் துடிப்புக் கேட்கும் குழாயை அமைத்தார். மார்பில் நேரே செவி வைத்துக் கேட்ட மருத்துவர் அன்றே பிணியாளரை விட்டு ஒரு முழம் விலகினார். 1905-ஆம் ஆண்டில் லெய்டன் நகரத்து ஐந்தோவன் என்பார் மருத்துவமனையிலிருந்த நோயாளரின் இதய மின்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற்கு வருவித்துப் பதிந்தார். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் சிற்றூரில் தொலைமருத்துவ நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசினர் இ-சஞ்சீவனி என்னும் திட்டத்தைத் தொடங்கினர். பெருந்தொற்று மக்களை வீட்டினுள் அடைத்த 2020-ஆம் ஆண்டில் அது வீடுதோறும் எட்டலாயிற்று. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரிக்குள் அதன் வழிப் பெற்ற ஆலோசனைகள் பத்துக் கோடியைக் கடந்தன. தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. ஆகவே கருவி உண்டா என்பது இன்று வினாவன்று. கருவியை ஏந்தும் கை மனமுவந்து ஏந்துகின்றதா என்பதே வினா.

யாம் கண்டோரில் முதல்வர் ஆம்புலன்ஸ் வண்டியிற் பணிபுரியும் உதவியாளர். வயது முப்பதிருக்கும். தொலைமருத்துவம் பற்றிக் கேட்டவுடன் நகைத்தார். "ஐயா, ஒரு கையால் இரத்தக் குழாயை அமுக்கிக்கொண்டிருக்கிறேன், மறு கையால் பிராணவாயு முகமூடியைப் பிடித்திருக்கிறேன். படம் காட்டுகிற கருவியை எந்தக் கையாற் பிடிப்பது?" என்றார். யாம் விடை கூற இயலாது நின்றோம். ஆயினும் அவரே தொடர்ந்து, வழியில் ஐயம் தோன்றினால் அழைப்பு மையத்திலுள்ள மருத்துவரைக் கைபேசியிற் கேட்டுச் செய்தல் தமக்கு வழக்கமே என்றார். 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் இம்மாநிலத்தில் 108 வண்டிகள் ஓடத் தொடங்கிய முறையிலேயே, தொலைவிலுள்ள மருத்துவர் வழிகூறும் ஏற்பாடும் அடங்கியிருந்தது. ஆகவே அவர் வெறுத்தது தொலைவிலிருந்து வரும் அறிவுரையை அன்று. கைக்குத் தடையாகும் கருவியையே வெறுத்தார்.

இரண்டாமவர் வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பேணும் செவிலியர். இருபதாண்டு அனுபவம் உடைய அம்மையார். அவர்தம் சொல்லில் வேறொரு வருத்தம் ஒலித்தது. "தம்பி, புண்ணின் நிறம் படத்தில் தெரியும், நாற்றம் தெரியுமா? கால் வீங்கியிருப்பது தெரியும். விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று தெரியுமா? அதை நான்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லத் தொடங்குமுன் மருந்தைச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுகிறார்" என்றார். இவ்வம்மையாரும் கருவியை வெறுத்தாரல்லர். தம் கண்டறிவு கேட்கப்படாமையையே வெறுத்தார்.

மூன்றாமவர் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலப் பெண். அத்திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையார்க்கு மருந்தையும், படுக்கையுற்றார்க்கு ஆதரவுச் சிகிச்சையையும், தேவைப்பட்டார்க்கு இயன்முறைப் பயிற்சியையும் வீட்டிற்கே கொணர்வது. அப்பெண் தொலைமருத்துவத்தை மகிழ்ந்தே வரவேற்றார். ஒரு வீட்டில் மாமியார் ஒருவர், "நம்ம தெருப் பொண்ணு, இதுக்கு என்ன தெரியும்?" என்று மருந்தை வாங்க மறுத்தாராம். மருத்துவர் படத்தில் தோன்றி, "அம்மா, இந்தப் பெண் சொல்வதைக் கேளுங்கள்" என்றாராம். "அன்று முதல் அந்த அம்மா எனக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவதில்லை" என்று கூறிப் புன்னகைத்தார். தொலைவிலுள்ளார் அருகிலுள்ளாரை மதித்த ஒரு சொல், நூறு பயிற்சிகளால் ஆகாததை ஆக்கிற்று.

நான்காவதாக யாம் கேட்டதே எம் நெஞ்சை விட்டு அகலாதது. ஒரு சிறு சிகிச்சை நிலையத்திற் பணிபுரியும் இளஞ்செவிலி கூறியது அது. ஓர் இரவு ஆலைத் தொழிலாளி ஒருவர் நெஞ்செரிச்சல் என்று வந்தார். ஒடிய நாட்டினர், தமிழ் அறியார். வாயுத் தொல்லை என்று சோடா அருந்தி வந்திருந்தார். மருத்துவர் அப்போது அங்கில்லை. இவர் இ.சி.ஜி. எடுத்தார், வரைபடம் ஐயுறத்தக்கதாய் இருந்தது. உடனே அதனைத் தம் கைபேசியிற் படம் பிடித்து, முன்னர்த் தாம் பணிபுரிந்த இடத்து மருத்துவர் ஒருவர்க்கு அனுப்பினார். மாரடைப்பு என விடை வந்தது, செய்ய வேண்டியதும் வந்தது, வண்டியும் வந்தது, தொழிலாளி பிழைத்தார். இதனைப் பெருமிதத்தோடு கூறுவார் என எண்ணினோம். அவரோ குரலைத் தாழ்த்திக் கூறினார்: "இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவர் பிழைத்தார், சரி. பிழைக்காமற் போயிருந்தால் ஏட்டில் என் பெயர் மட்டுமே இருந்திருக்கும். படம் பார்த்த டாக்டர் பெயர் எங்கும் இராது." அவர் விருப்பப்படியே ஊரும் பெயரும் மறைத்து இதனை எழுதினோம். அதே செவிலியிடம், தொலைமருத்துவத்தை முறையாகக் கொணர்ந்தால் ஏற்பீரோ என்று கேட்டோம். "வேண்டாம்" என்றார்!

இங்கேதான் உண்மை வெளிப்படுகின்றது. புதுமைக்கு அஞ்சுவோர், கருவி அறியாதார், பழமையிற் பிடிவாதமுடையார் என்று மேலிருப்போர் இவர்களைக் குறை கூறுவதுண்டு. அது பொருந்தாது. மறுப்பவராகக் காணப்படும் இவர்களே தொலைமருத்துவத்தை முன்னமே கையாண்டு வருகின்றனர். நள்ளிரவில், தம் கைபேசியில், மறைவாகக் கையாண்டு வருகின்றனர். உயிர்காக்கும் வேட்கை அவர்களைத் துணியச் செய்கின்றது. பழியச்சம் அதனை மறைக்கச் செய்கின்றது. அவர்கள் ஏற்க மறுப்பது கருவியை அன்று, பங்கிடப்படாத பழியை. அறிவுரை கூறுவது ஒருவர், விடை கூறுவது வேறொருவர் என்னும் முறை எத்தொழிலிலும் நில்லாது; உயிரோடு தொடர்புடைய தொழிலில் நிற்றல் யாங்ஙனம்?

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். பேணுபவரை அவர் மருத்துவரின் ஏவலாள் என்று கொள்ளவில்லை. மருத்துவத்தின் நாற்கூற்றில் ஒரு கூறாகவே கொண்டார். தொலைமருத்துவத்தில் மருத்துவர் விலகி நிற்கின்றார். மருந்து கடையில் நிற்கின்றது. நோயுற்றாரோடு உடனிருப்பவர் இப்பேணுபவர் ஒருவரே. மருத்துவர் அகல அகல இவர்தம் தகுதி உயர வேண்டுமே அன்றித் தாழலாகாது. இவ்வுண்மையை மறந்து அமைத்த எத்திட்டமும் அலமாரியில் பூட்டிய கருவியோடு முடிவுறும்.

முறையாக அமைத்தால் யாது விளையும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. தமிழ்நாட்டு மாரடைப்புச் சிகிச்சைத் திட்டம் ஒன்றில், சிறிய மருத்துவமனைகள் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களாகவும் இதயச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனை குடமாகவும் இணைக்கப்பட்டன. ஆரக்காலில் எடுத்த இ.சி.ஜி. வரைபடம் உடனே குடத்திற்குச் சென்றது. வல்லுநர் கண்டு கூறினார். முதற் சிகிச்சை அங்கேயே தொடங்கிற்று. பின்னர் ஆம்புலன்ஸ் வண்டி கொண்டு சேர்த்தது. திட்டத்திற்கு முன்னும் பின்னுமாக 2,420 நோயாளரை ஒப்பிட்ட ஆய்வு 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதயக் குழாய்ச் சோதனை பெற்றோர் 35 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 61 விழுக்காடாக உயர்ந்தனர். ஓராண்டிற்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். மருத்துவமனையில் இருந்த நாட்களில் இறந்தோர் தொகையிற் குறிக்கத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் மறையாது கூறல் வேண்டும். தொலைமருத்துவம் மாயவித்தை அன்று. ஆயினும் நூற்றுவரில் மூவர் மேலும் தம் இல்லத்தில் உயிரோடிருத்தல் சிறிய செய்தியோ? அவ்விளைஞர் காக்களூர்ச் செவிலி மறைவாகச் செய்ததும் இதுவே. இங்கு அது வெளிப்படையாக, யார் எடுப்பது, யார் காண்பது, யார் கட்டளையிடுவது என்னும் வரையறையோடு நடந்தது. வேறுபாடு கருவியில் இல்லை; ஏற்பாட்டில் உள்ளது.

சட்டமும் இதற்கு முற்றும் துணையின்றி இல்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், அவசர நிலையில் வேறு சிகிச்சை உடனே கிட்டாதபோது முதலுதவி, உயிர்காக்கும் வழி, மேலிடத்திற்கு அனுப்பும் ஆலோசனை ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே கூறலாம் என்றன. ஆயினும் விரைவில் நேரிற் காணுமாறு நோயாளரை அறிவுறுத்தல் வேண்டும் என்றும் விதித்தன. நலப்பணியாளர் வழியாக மருத்துவர் ஆலோசனை கூறும் முறையையும் ஒப்புக்கொண்டன. குறை யாதெனின், இந்நெறி காகிதத்தில் நிற்கின்றது. கட்டிலருகே நிற்பவர் காதுக்கு எட்டவில்லை.

எனவே யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, தொலைவிலிருந்து கூறப்படும் ஒவ்வொரு கட்டளையும் கூறியவர் பெயரோடும் நேரத்தோடும் பதியப்படல் வேண்டும். கூறியவரே அதற்கு விடை கூறல் வேண்டும். இரண்டாவது, மருத்துவர் மருந்து கூறுமுன் அருகிலுள்ளாரை, "நீர் கண்டது யாது?" என்று கேட்டல் விதியாக வேண்டும், "நேரில் காண்பதே தக்கது" என்று செவிலி கருதினால் அதனைக் கூற அவர்க்கு உரிமை வேண்டும். மூன்றாவது, அவசர வண்டியில் கருவி கையிற் பிடிப்பதாக இருத்தலாகாது. மார்பிலோ வண்டிச் சுவரிலோ பொருத்தி, பேச்சால் இயங்குவதாக இருத்தல் வேண்டும். கம்பியிலாத் தொடர்பு அறுந்தபோது யாது செய்வது என்பதும் முன்னரே கற்பிக்கப்படல் வேண்டும். நான்காவது, ஒரே செய்தியை ஓர் ஏட்டிலும் ஒரு கருவியிலும் மீண்டும் ஒரு படிவத்திலும் எழுதச் செய்யும் கொடுமை ஒழிதல் வேண்டும். வேலை குறைக்க வந்தது வேலையைக் கூட்டுமாயின் எவர் விரும்புவர்?

இவற்றை நிறைவேற்றினால் வேறு நன்மையும் உண்டு. தொழிற்பேட்டைகளில் உழைக்கும் வடநாட்டு இளைஞர்க்குத் தம் வலியைச் சொல்லும் மொழியே இல்லை. ஒடிய மொழியோ இந்தியோ அறிந்த ஒருவர் தொலைவிலிருந்து துணைபுரிவாராயின், செவிலிக்கும் நோயாளர்க்கும் இடையிலுள்ள அத்தொலைவும் குறையும். காக்களூர்க்குப் பொருந்துவது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் பொருந்தும்.

மறுப்போர் கூற்றையும் எடைபோடல் வேண்டும். முதிய மருத்துவர் ஒருவர் எம்மிடம், "நாடியைத் தொடாத மருத்துவம் பாதி மருத்துவம்" என்றார். அது மெய்யே. ஆயின் தொடுவதற்கு எவரும் இல்லாத இடத்தில் அப்பாதியும் இல்லாதொழிவதினும், செவிலியின் விரல் நாடியைத் தொட மருத்துவரின் அறிவு அதனோடு கூடுதல் நன்றன்றோ? வேறு சிலர், இதனைக் காரணமாக்கி ஊர்களில் மருத்துவரை நியமியாது விடுவர் என அஞ்சுகின்றனர். இவ்வச்சம் எமக்கும் உண்டு. படத்திற் தோன்றும் மருத்துவர், வெற்று நாற்காலியை மறைக்கும் திரையாகிவிடலாகாது. தொலைமருத்துவம் மருத்துவர்க்கு ஈடாக வைக்கப்படுமாயின் அதனை எதிர்த்தலே கடன். துணையாக வைக்கப்படுமாயின் ஏற்றலே கடன்.

நம் கல்லூரியிற் பயில்வோர்க்கு இச்செய்தி புதிதன்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தம் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நோயாளர் தம்மிடம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சாலையோர மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, வழியிற் காத்திருந்தார்க்கு மருந்தளித்தார். அதனினும் பெரிது ஒன்று செய்தார். தாம் ஒருவரே எங்கும் இருத்தல் இயலாது எனக் கண்டு, 1909-ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சியையும் 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். தொலைவை வெல்லும் வழி, அருகில் நிற்போரை ஆற்றலுடையோர் ஆக்குதலே என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

எரிகோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தானைக் கண்ட சமாரியன் கதையை நாம் சிறுபருவம் முதற் கேட்டு வருகின்றோம். அவன் புண்ணைக் கட்டினான், தன் ஊர்தியில் ஏற்றினான் என்பதையே நாம் பெரிதும் எண்ணுகின்றோம். அதன் பின் அவன் செய்ததை எண்ணுவார் குறைவு. மறுநாள் அவன் புறப்பட்டுத் தொலைவிற் செல்ல வேண்டியிருந்தது. அடிபட்டானைச் சத்திரக்காரனிடம் ஒப்புவித்தான்; செலவுக்குப் பொருள் கொடுத்தான்; இன்னும் மிகுதியாகச் செலவாயின் தான் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான். தொலைவிற் சென்றும் அவன் பொறுப்பை விட்டுச் செல்லவில்லை. அருகிலிருந்த சத்திரக்காரனும் அச்சமின்றிப் பேணினான். தன்னோடு பொறுப்பைப் பகிர ஒருவன் உண்டென்பதை அவன் அறிந்திருந்தான்.

காக்களூர்ச் செவிலி வேண்டுவதும் அதுவே; அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நம் மாணவருள் நாளை மருத்துவராவோர் உளர். கருவி அமைப்போர் உளர். சட்டம் இயற்றும் அவையில் அமர்வோரும் இருக்கலாம். எப்பதவியில் இருப்பினும், தொலைவிலிருந்து ஒரு சொல் சொல்லுமுன், அச்சொல்லோடு தம் பெயரையும் சேர்த்துச் சொல்வார்களாக. அன்று அவ்விளஞ்செவிலி குரலைத் தாழ்த்தாது, தாம் ஓர் உயிரைக் காத்த கதையை உரக்கக் கூறுவார்.